2020, 2021-இல் ஒரு பேப்பரும் இல்லாத விண்ணப்பங்களை எப்படிப் படிப்பது?

வைகைக்கரை:

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் இருக்கிறேன். எங்கள் துறைக்கு உதவிப் பேராசிரியர் ஒருவரை எடுக்கப் போகிறோம். வந்த விண்ணப்பங்களை முதல் சுற்றில் சலிக்கிற வேலை என்னிடமும் இன்னொரு மூத்த ஆசிரியரிடமும் வந்திருக்கிறது.

பல விண்ணப்பங்களில் ஒரே இடத்தில் ஓட்டை. 2019 வரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது: மாநாடு, போஸ்டர், ஆராய்ச்சி இதழில் ஒரு பேப்பர். அப்புறம் 2020, 2021 வெற்று. 2022 கடைசியில்தான் மறுபடி ஏதோ தொடங்குகிறது. தீசிஸ் கொடுக்க ஏழு வருடம் ஆனவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டிலேயே இன்னொரு விண்ணப்பம்: அதே இரண்டு வருடத்தில் ஆறு பேப்பர், எல்லாம் ரிவ்யூவும் (மற்றவர்களின் பேப்பர்களைத் தொகுத்து அலசுவது) கம்ப்யூட்டர் வேலையும். எங்கள் மதிப்பெண் தாளில் பேப்பருக்கு 2 மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் முடிவு தானாக வந்துவிடும். ஆனால் அப்படிக் கூட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

என் பிஎச்.டி. தொண்ணூறுகளில் முடிந்தது. கொரோனா காலத்தில் நான் வீட்டிலிருந்து கூகுள் மீட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். லேபில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. அனுபவித்தவர்கள் சொல்லுங்கள். அந்த இரண்டு வருடத்தை எப்படிப் படிக்க வேண்டும்? நேர்காணலில் என்ன கேட்டால் நியாயமாக இருக்கும்?

நெல்லை_புள்ளியியல்:

சார், நான் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம். கொரோனா எல்லோருக்கும்தான் வந்தது. நான் அப்போது மூன்றாம் வருட பிஎச்.டி. ஸ்காலர். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து இரண்டு பேப்பர் எழுதினேன். பிளேக் பரவி கேம்பிரிட்ஜை மூடியபோது நியூட்டன் ஊரில் உட்கார்ந்துதானே கால்குலஸையும் ஒளியியலையும் யோசித்தார்? லேப் மூடியிருந்தால் பழைய டேட்டாவை எடுத்து எழுதியிருக்கலாம், ரிவ்யூ எழுதியிருக்கலாம். சலுகை கொடுக்க ஆரம்பித்தால் யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று கோடு போட முடியாது. எழுதியவருக்கு உரிய மதிப்பெண்ணை எழுதியவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

குப்பியும்_பஞ்சும்:

வைகைக்கரை சார், இதைக் கேட்டதற்கே நன்றி. என்னை இதுவரை நேர்காணல் செய்தவர்களில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் பழ ஈக்களை வைத்து முதுமையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள். பெங்களூரில் ஒரு நிறுவனம். வாழைப்பழத்தை மொய்க்கிற அந்தச் சின்ன ஈதான், டிரோசோஃபிலா. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஈயின் மரபு வகைகளை விதைநெல் மாதிரி கட்டி வைக்க முடியாது. எலியென்றால் விந்தணுவையோ கருவையோ உறைய வைத்துப் பல வருடம் கழித்து உயிர்ப்பிக்கலாம். ஈக்கு அன்றாட லேப் வேலையில் அப்படி ஒரு வழி கிடையாது. தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குப்பி, அடியில் மக்காச்சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் அகரும் சேர்த்துக் காய்ச்சிய உணவு, வாயில் பஞ்சு. உணவு காய்வதற்குள், பூஞ்சை பிடிப்பதற்குள் புதுக் குப்பிக்கு மாற்றியாக வேண்டும். 25 டிகிரியில் முட்டை ஈயாகிப் பறக்க சுமார் 10 நாள். 18 டிகிரியில் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் ஆகும். எங்கள் லேபில் ஆயிரத்துக்கும் மேல் குப்பிகள் இருந்தன.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. கைடு உடனே போன் செய்தார்: "எல்லாத்தையும் பதினெட்டுக்கு மாத்திடு." அவர் சொன்னது சரிதான். யார் எப்போது உள்ளே வர முடியும் என்று தெரியாத நிலையில் ஈக்களின் வளர்ச்சியை மெதுவாக்குவதுதான் ஒரே வழி. நானும் ஹாஸ்டலில் இருந்த இரண்டு ஜூனியர்களும் 25 டிகிரி அறையிலிருந்த தட்டுகளைத் தூக்கித் தூக்கி 18 டிகிரி இன்குபேட்டர்களில் அடுக்கினோம்.

அந்தத் தட்டுகளில் என் ஆயுள் பரிசோதனையும் இருந்தது. இந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. ஒரே நாளில் வெளிவந்த நூற்றுக்கணக்கான ஈக்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அவற்றைப் புது உணவுக்கு மாற்றி, செத்தவற்றை எண்ணி நோட்டில் எழுதுவோம். கடைசி ஈ சாகும்வரை இதைச் செய்ய வேண்டும். 25 டிகிரியில் ஈ இரண்டு மூன்று மாதம் வாழும். குளிரில் கூடுதல் நாள் வாழும். நடுவில் வெப்பநிலையை மாற்றிவிட்டால் அந்த ஆயுள் கணக்கை எதனோடும் ஒப்பிட முடியாது. லேபின் வகைகளைக் காப்பாற்றிய அதே 18 டிகிரி என் டேட்டாவை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டேதான் என் கையால் அந்தத் தட்டுகளை உள்ளே வைத்தேன்.

நெல்லை நண்பரே, பழைய டேட்டாவை எழுதியிருக்கலாம் என்றீர்கள். எங்களில் பலருக்கு அது இப்படித்தான் போனது. நியூட்டனைப் பற்றியும் ஒன்று. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுகூட ஆகவில்லை. லிங்கன்ஷயரில் குடும்பத்தின் பண்ணை வீடு இருந்தது, பார்த்துக்கொள்ளக் குழந்தை இல்லை. வேலைக்கு வேண்டியது தாளும் மையும் ஒரு முப்பட்டகமும். இந்த நியூட்டன் கதை அந்த ஏப்ரலில் எங்கள் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும்.

ஊரடங்கில் லேபுக்கு ஒருவருக்குத்தான் அனுமதிச் சீட்டு. வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல் என்பதால் அது எனக்கு வந்தது. ஈ உணவு காய்ச்சும் அண்ணன் ராமநகரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பஸ் நின்றதும் நானே காய்ச்ச வேண்டியதாயிற்று. அகர் கூடினால் உணவு வெடித்துக் குப்பியை விட்டுப் பிரியும். குறைந்தால் ஈ ஒட்டிக்கொண்டு சாகும். அவருக்கு அளவு கையிலேயே இருந்தது, எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. போனில் கேட்டுக் கேட்டுச் செய்தேன். பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் புரோப்பியானிக் அமிலம் தீர்ந்துகொண்டே வந்தது, புதிதாக வாங்க வழியில்லை.

ஒரு கட்டத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கைடு வீடியோவில் பட்டியலைப் படிக்க, நான் குப்பிகளை எடுத்துப் பிரித்தேன். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இருக்கும் புளூமிங்டன் ஈ மையத்தில் மறுபடி வாங்கக் கிடைப்பதை விட்டுவிடலாம். எங்கள் லேபிலேயே பல தலைமுறை கலந்து உருவாக்கியதை வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவை திரும்பி வர ரொம்ப காலம் பிடித்தது. விமானங்கள் குறைவு, பார்சல் சுங்கத்தில் கிடந்து வரும், திறந்தால் சிலவற்றில் உயிரே இருக்காது. அதே வாரங்களில் உலகம் முழுக்க எலி லேப்களில் எத்தனையோ எலிகளைக் கொன்று எண்ணிக்கையைக் குறைத்தார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் எங்களைப்போன்ற ஸ்காலர்களும் விலங்குக் கூடத்துப் பணியாளர்களும்தான். அவர்களுக்கு மனசு எப்படி இருந்தது என்று எந்த விண்ணப்பத்திலும் எழுத இடமில்லை.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்காலருக்கு மாதாமாதம் வரும் ஃபெலோஷிப் தொகை அப்போது முதல் இரண்டு வருடம் (ஜே.ஆர்.எஃப்) 31,000 ரூபாய், அதற்கப்புறம் (எஸ்.ஆர்.எஃப்) 35,000. சாதாரண காலத்திலேயே தாமதமாக வரும், அப்போது இன்னும் தாமதம். அப்பாவின் கடை மூடியிருந்ததால் வீட்டுக்கு அனுப்புவதும் அதிலிருந்துதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2020 ஏப்ரலில் தீசிஸ் கொடுக்க ஆறு மாத நீட்டிப்பு தந்தது, அப்புறம் மேலும் மேலும் நீட்டித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஃபெலோஷிப் ஐந்து வருடத்தோடு சரி என்றும் அந்தப் பின்னாளைய நீட்டிப்பு அறிவிப்பில் எழுதியிருந்தார்கள். ஏழு வருடத்தில் தீசிஸ் கொடுத்தவர் என்று ஒருவரைப் பார்த்தால், கடைசி இரண்டு வருடம் அவர் எதை வைத்துச் சாப்பிட்டார் என்று நினைத்துப் பாருங்கள் சார். நான் டியூஷன் எடுத்தேன்.

பரிசோதனையை 2020 கடைசியில் முதலிலிருந்து தொடங்கினேன். 2021 ஏப்ரல் கடைசியில் கர்நாடகத்தில் மறுபடி ஊரடங்கு. அந்தத் தடவை ஈக்களைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது. மனிதர்களைத்தான் முடியவில்லை. பக்கத்து மேசைக்காரி தஞ்சாவூர்ப் பெண். மே மாதம் அவளுடைய அப்பா இறந்துவிட்டார். ஊருக்குப் போய்விட்டு ஜூலையில் திரும்பி வந்தாள். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, பிரஷ்ஷால் ஆண் ஈ ஒருபக்கம், பெண் ஈ ஒருபக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். தள்ளி முடித்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு மறுபடி பிரிப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாள். நாங்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவளுக்கு அப்போது அது தேவைப்பட்டது என்றே இன்றும் நினைக்கிறேன். அவளுடைய விண்ணப்பத்திலும் 2021 வெற்றுதான்.

என்ன கேட்கலாம் என்றீர்கள். இதைக் கேளுங்கள்: "2020 மார்ச்சில் உங்கள் லேபில் என்ன ஓடிக்கொண்டிருந்தது, அதை என்ன செய்தீர்கள்?" நிஜமாக வேலை பார்த்தவர் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். எதைக் காப்பாற்றினார், எதை விட்டார், ஏன் என்று அவர் சொல்வதிலேயே அவர் எப்படி யோசிக்கிறவர் என்று தெரிந்துவிடும். உங்கள் கல்லூரி லேபில் நாளைக்கு அவர் எப்படி இருப்பார் என்பதை ஆறு ரிவ்யூ பேப்பரைவிட அது நன்றாகச் சொல்லும்.

தொலைநோக்கி:

மேலே அக்கா எழுதியதற்கு ஒரு துணைச் செய்தி. உயிர் இல்லாத துறைகளிலும் இதே கதைதான். கருந்துளையைப் படம்பிடித்த ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் ஒரே தொலைநோக்கி இல்லை, உலகின் பல மூலைகளில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளின் கூட்டு. எல்லா இடத்திலும் ஒன்றாக வானம் தெளிவாக இருக்க வாய்ப்புள்ள மார்ச், ஏப்ரலில்தான் பார்ப்பார்கள். 2020-இல் அந்தச் சில நாட்கள் தவறின, அதோடு அந்த வருடமே போயிற்று. ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோவும் தன் மூன்றாவது கவனிப்பு ஓட்டத்தை ஏப்ரல் கடைசிவரை ஓட்டாமல் மார்ச் 27-லேயே நிறுத்தியது. இவ்வளவு பெரிய கூட்டங்களுக்கே இப்படி. அந்த ஒரு சீசனை நம்பித் தீசிஸ் எழுத உட்கார்ந்திருந்த ஸ்காலர் என்ன செய்வார்?

ஷிஃப்ட்_பிசிஆர்:

நான் மைக்ரோபயாலஜி. என் வெற்றிடத்துக்குக் காரணம் வேறு. லேப் மூடவில்லை, இரவும் பகலும் திறந்திருந்தது.

தமிழ்நாட்டில் முதலில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில்தான் கொரோனா டெஸ்ட் நடந்தது. அப்புறம் மாவட்டம் மாவட்டமாக லேப் திறந்தார்கள். மற்ற பல மாநிலங்கள் ரேப்பிட் ஆன்டிஜென் டெஸ்டுக்குப் போனபோதும் நம் மாநிலம் ஆர்டி-பிசிஆரையே பிடித்துக்கொண்டது. அது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டுமே? பைபெட் (துளித் துளியாகத் திரவம் அளக்கும் கருவி) பிடிக்கத் தெரிந்த எங்களைக் கூப்பிட்டார்கள், போனோம்.

ஒரு பிளேட்டில் 96 குழி. டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வைரஸ் இருப்பது தெரிந்த பாசிடிவ் கன்ட்ரோல் ஒன்று, இல்லாதது தெரிந்த நெகடிவ் கன்ட்ரோல் ஒன்று. மீதி 94 குழியும் 94 மனிதர்கள். ஒரு குழி மாறினால் ஒருவருக்கு இல்லாத நோய் வந்துவிடும், இன்னொருவர் நோயோடு வீட்டுக்குப் போய்விடுவார். பிபிஇ கிட் போட்டுவிட்டால் ஷிஃப்ட் முடியும்வரை தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. பெண்கள் மாதவிடாய் நாட்களிலும் அப்படியே நின்றோம். 2021 மே மாதம் போட்ட பிளேட்டுகளில் பாதிக்குமேல் பாசிடிவ் வந்த நாட்கள் உண்டு. திரையில் பாசிடிவைக் காட்டும் கோடுகள் வரிசையாக மேலே ஏறும்போது எனக்குக் கை நடுங்கும். இப்போதும் அந்த மெஷின் ஓடி முடியும் சத்தம் கேட்டால் ஒரு நிமிடம் எதுவும் ஓடாது.

என் சொந்த ஆராய்ச்சிக்கான பாக்டீரியா மாதிரிகள் மைனஸ் 80 ஃப்ரீசரில் இருந்தன. அதன் கம்ப்ரெஸர் பழுதானபோது சர்வீஸ் ஆள் ஊர் விட்டு ஊர் வர முடியவில்லை. எல்லாம் உருகிப் போயிற்று. டெஸ்ட் செய்த வேலைக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது, அதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் இல்லை. சார், அப்படிச் சான்றிதழ் வைத்திருப்பவர் யாராவது உங்களிடம் விண்ணப்பித்திருந்தால் அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். அந்த ஊர் மக்களுக்கு அவர் செய்தது எந்தப் பேப்பருக்கும் குறைந்ததில்லை.

கணக்கு_வேதியியல்:

நெல்லை_புள்ளியியல் தம்பிக்கு. நானும் கம்ப்யூட்டரில்தான் ஆராய்ச்சி செய்கிறேன், மூலக்கூறு சிமுலேஷன். எனக்கும் லேப் வேண்டாம், ஈ வேண்டாம். அப்போது என் மகனுக்கு மூன்று வயது. பால்வாடி மூடியாயிற்று, வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் வர முடியாது, மாமியாருக்குச் சர்க்கரை என்பதால் யாரும் வெளியே போகக்கூடாது. லேப்டாப்பைத் திறக்கும்போது இரவு பத்து மணி தாண்டியிருக்கும். என் கணவரும் ஆராய்ச்சியாளர்தான். அவருக்கு அந்த வருடம் மூன்று பேப்பர், எனக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் புள்ளியியல்காரர், ஆகவே எண்ணாகவே சொல்கிறேன். 2020 ஏப்ரலில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 4,535 ஆராய்ச்சியாளர்களிடம் எடுத்த கணக்கு ஒன்று நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர் இதழில் வந்தது. வாரத்துக்குச் சராசரி 61 மணி நேரம் என்றிருந்த வேலை 54 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் சராசரிக்குள் பெரிய வித்தியாசம் இருந்தது. கையால் பரிசோதனை செய்யும் துறைகளில்தான் ஆராய்ச்சி நேரம் அதிகமாகச் சரிந்தது. கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல் போன்றவற்றில் சரிவு குறைவு. பெண்களுக்குக் கூடுதல் சரிவு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தவர்களுக்கு, மற்ற எல்லாம் ஒன்றாக இருந்தாலும், ஆராய்ச்சி நேரம் மேலும் 17 சதவீதம் குறைந்தது. கொரோனா எல்லோருக்கும் வந்தது என்பது உண்மை, எல்லோருக்கும் ஒரே அளவில் வரவில்லை. உங்கள் இரண்டு பேப்பரை நான் குறைத்துச் சொல்லவில்லை தம்பி, அதற்கும் உழைப்பு வேண்டும்.

நெல்லை_புள்ளியியல்:

அக்கா, அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தேன். துறைவாரியாக இவ்வளவு இடைவெளி இருந்தால் எல்லாத் துறைக்கும் ஒரே கூட்டல் போடுவது கணக்குப்படியே தவறு. ஆனால் என் பழைய கேள்வி அப்படியே இருக்கிறது. தேர்வுக் குழு எதை வைத்துக் கோடு போடும்? வாயால் சொல்வதை மட்டும் நம்பினால், நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை இவற்றையெல்லாம் மூத்த ஆசிரியரிடம் படித்துக் காட்டினேன். மதிப்பெண் தாளை எங்களால் மாற்ற முடியாது, அது மேலிருந்து வருவது. ஆனால் நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. கூப்பிடும் எண்ணிக்கையைக் கூட்டவும், விண்ணப்பத்தோடு ஒரு தனித் தாள் கேட்கவும் அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டு சந்தேகம். தஞ்சாவூர்ப் பெண்ணைப்போல வீட்டில் ஒருவரை இழந்தவர், அதை எங்களிடம் சொல்லித்தான் நியாயம் வாங்க வேண்டும் என்ற நிலை வந்துவிடக்கூடாது. அதை எப்படித் தவிர்ப்பது? இரண்டாவது, நெல்லை நண்பர் கேட்டதே. சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

குப்பியும்_பஞ்சும்:

சார், முதல் சந்தேகத்துக்கு: வீட்டைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள், தாளிலும் நேரிலும். வேலையைப் பற்றி மட்டும் கேளுங்கள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் தீசிஸின் முன்னால் கொரோனா பாதிப்புக் குறிப்பு என்று ஒரு பக்கம் வைக்க அனுமதித்தன. திட்டமிட்டது என்ன, நின்றது என்ன, பதிலுக்குச் செய்தது என்ன என்று எழுதினால் போதும். நீங்கள் கேட்கும் தாளும் அப்படியே இருக்கட்டும். "2020 மார்ச்சுக்கும் 2022 மார்ச்சுக்கும் நடுவில் உங்கள் வேலை எவ்வளவு காலம் நின்றது? மறுபடி எங்கிருந்து தொடங்கினீர்கள்? விரும்பினால் காரணம் எழுதலாம்." கடைசி வாக்கியத்தில் 'விரும்பினால்' அவசியம். தஞ்சாவூர்க்காரியிடம் இன்று காலை போனில் இதைப் படித்துக் காட்டினேன். இப்படிக் கேட்டால் முதல் இரண்டு வரிக்குப் பதில் எழுதிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவேன் என்றாள். அப்படி விட்டிருப்பவரிடம் ஏன் என்று திருப்பிக் கேட்காதீர்கள்.

இரண்டாவதற்கு: லேப் நோட்டைக் கேளுங்கள். பரிசோதனை செய்த ஒவ்வொரு ஸ்காலரிடமும் தேதி போட்ட நோட்டு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து இரண்டு மூன்று பக்கம், ஊரடங்குக்குப் பிறகு முதலில் எழுதிய பக்கம், இவ்வளவு போதும். பேச்சுத் திறமை அதில் உதவாது. டெஸ்ட் லேபில் இருந்தவர்களுக்குப் பணிக்கடிதம் இருக்கும். கம்ப்யூட்டர் வேலை செய்தவர்களிடம் ஃபைல்களின் தேதியே இருக்கிறது.

ஆனால் இதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், அதுவும் குறைந்தது இரண்டு வாரம் முன்னால். நோட்டு லேபின் சொத்து, வெளியே வரும்போது விட்டுவிட்டுத்தான் வருவோம். யாராவது ஜூனியர் அலமாரியைத் திறந்து, தேடி எடுத்து, போட்டோ பிடித்து அனுப்ப வேண்டும்.